பதிலித் தாய்மையும் பத்திரத்தின் வலிமையும்

கோலார் தங்கவயலில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி மாத இறுதியில் மூடப்பட்டது. 1880ஆம் ஆண்டையொட்டி ஜான் டெய்லர் கம்பெனியார் ஊன்றிய தொழில், நூற்றிருபது ஆண்டுகள் நடந்து அத்துடன் ஓய்ந்தது. தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தையே நம்பியிருந்த தமிழ்க் குடும்பங்கள் பிழைப்பிற்கு வேறு வழி தேட வேண்டியதாயிற்று. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீபிலும் ஊரிகத்திலும் விடியுமுன் ரயிலேறி, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்குச் சென்று, இருட்டிய பின் வீடு திரும்புவோர் அவ்வூரில் ஆயிரக்கணக்கினர். அவர்களுள் பெண்களும் பலர்.

பெங்களூரில் வேறொரு தொழிலும் 2015ஆம் ஆண்டு வரையில் வெளிப்படையாக நடைபெற்று வந்தது. பிள்ளைப்பேறு இல்லாத தம்பதியரின் கருவைப் பிறிதொரு பெண் பத்து மாதம் சுமந்து, பெற்றுக் கொடுத்து, அதற்கென ஒரு தொகை பெறும் தொழில் அது. அப்பெண்களுட் பலர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் வேலை செய்தவர்களே என்பதை, டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்துச் சமூகவியலாளர் சர்மிளா ருத்ரப்பா 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். தையற்கூடத்து வேலையினும் கருச்சுமத்தலே மேல் எனக் கருதியவர்களும் அவர்களிடையே இருந்தனர். இச்செய்தி பெங்களூரின் மருத்துவத்தைப் பற்றிச் சொல்வதைக் காட்டிலும் அந்நகரின் தையற்கூடங்களைப் பற்றியே மிகுதியாகச் சொல்கிறது எனல் தவறாகாது. தங்கவயலிலிருந்து ரயிலேறும் பெண்களும் அதே உழைப்பாளர் வரிசையில் நிற்பவர்களாதலின், இப்பொருள் பற்றிய சட்டத்தை அப்பகுதியின் களப் பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

முதலில் சொல்லைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். “வாடகைத் தாய்” என்னும் சொல் செய்தித்தாள்களாலும் திரைப்படங்களாலும் வழக்கில் ஊன்றிவிட்டது. இன்றைய சட்டம் எதை அடியோடு தடுக்கிறதோ அதையே இச்சொல் முன்னிறுத்துகிறது. வாடகை வாங்கினாற் குற்றம் என்று சட்டம் கூறும்போது, வாடகை என்னும் சொல்லாலேயே அதனை விளக்க முற்படுவோர் கேட்பவரைக் குழப்பத்தில் ஆழ்த்துவர். “பதிலித் தாய்” என்னும் சொல் சற்றுப் புதியதாகத் தோன்றினும் பொருளுக்கு ஏற்றது. களத்தில் அதனைப் பழக்கப்படுத்துதல் நலம்.

பதிலித் தாய்மை இரு வகையாகப் பிரிக்கப்படும். சுமக்கும் பெண்ணின் சினைமுட்டையே பயன்படுத்தப்படுமாயின் அது பழைய முறை. அதில் அவள் குழந்தைக்கு உடலாலும் மரபாலும் தாயாகிறாள். பிறருடைய சினைமுட்டையும் விந்தணுவும் ஆய்வுக்கூடத்தில் இணைக்கப்பட்டு, அக்கரு அவளுடைய கருப்பையில் வைக்கப்படுமாயின் அது சுமப்பு முறை. இதில் அவளுக்கும் குழந்தைக்கும் மரபணுத் தொடர்பு இல்லை. 1978ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் லூயி பிரவுனும், அடுத்துச் சில வாரங்களுக்குள் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் மற்றொரு பெண் குழந்தையும் பிறந்த பின்னரே இவ்விரண்டாம் முறை இயலுவதாயிற்று. பணத்தை அளவாகக் கொண்டு வேறொரு பாகுபாடும் உண்டு. மருத்துவச் செலவும் காப்புறுதியும் தவிர வேறொன்றும் பெறாமற் சுமப்பது நல்லெண்ண முறை. ஊதியமோ பரிசோ வேறு ஆதாயமோ பெற்றுச் சுமப்பது வணிக முறை. இந்தியச் சட்டம் சுமப்பு முறையை மட்டும், அதுவும் நல்லெண்ண முறையில் மட்டும் அனுமதிக்கிறது.

மரபணுத் தொடர்பு இல்லை என்பதனால், சுமப்பவளுக்கு உடல்வகையில் தீங்கொன்றும் இல்லை என்று சிலர் எண்ணுகின்றனர். இது பெரும் பிழை. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்துப் பிரசவங்களை ஆராய்ந்து 2024ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வொன்றின்படி, இயல்பாகக் கருவுற்ற பெண்களுள் கடுமையான பேறுகால நோய்களுக்கு ஆளானோர் நூற்றுக்கு 2.3, ஆய்வுக்கூடக் கருவைத் தமக்கென ஏற்றவர்களுள் 4.3, பதிலித் தாய்மாருள் 7.8. மிகுந்த இரத்தப்போக்கும், இரத்த அழுத்தம் ஏறி வரும் பேறுகால நோயும் இவற்றுள் முதன்மையானவை. மருத்துவ வசதி நிரம்பிய நாட்டிலேயே நிலை இதுவாயின், இரத்தச்சோகை மலிந்த நாட்டில் எத்துணை எச்சரிக்கை வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

இனிச் சட்டத்தைக் காண்போம். பல ஆண்டுகள் இத்துறைக்கென இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2005ஆம் ஆண்டில் வகுத்த நெறிமுறைகள் இருந்தன. அவை அறிவுரையேயன்றிச் சட்டமல்ல. எனவே தம்பதியர், பதிலித் தாய், மருத்துவமனையார் ஆகியோர் முத்திரைத்தாளில் எழுதிக்கொண்ட ஒப்பந்தமே எல்லாமாக விளங்கிற்று. அவ்வொப்பந்தம் எத்துணை மெலியது என்பதை 2008ஆம் ஆண்டின் “குழந்தை மாஞ்ஜி” வழக்கு காட்டிற்று. ஜப்பானியத் தம்பதியர்க்காகக் குஜராத்தின் ஆனந்த் நகரில் அவ்வாண்டு ஜூலை மாதம் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறப்பதற்குள் தம்பதியர் மணமுறிவு செய்துகொண்டனர், மனைவியாயிருந்தவர் குழந்தையை ஏற்கவில்லை, சினைமுட்டை வேறொருத்தியுடையது, சுமந்தவளுக்கும் உரிமைக் கோரிக்கை இல்லை. தந்தை குழந்தையைக் கொண்டு செல்லப் பயண ஆவணம் கிடைக்கவில்லை. பாட்டியார் கடல் கடந்து வந்து உச்ச நீதிமன்றத்தின் வாயிலில் நிற்க நேர்ந்தது. ஜெர்மானியத் தம்பதியர்க்காக அதே ஆனந்தில் பிறந்த இரட்டைக் குழந்தைகளின் வழக்கில், குஜராத் உயர் நீதிமன்றம் 2009ஆம் ஆண்டு, சுமந்து பெற்ற இந்தியப் பெண்ணையே இயற்கைத் தாயாகக் கொண்டு, குழந்தைகளை இந்தியக் குடிமக்கள் என்றது. பத்திரத்தில் எழுதியிருந்தது ஒன்று. நீதிமன்றத்தில் முடிந்தது வேறொன்று.

இந்தியச் சட்டக் குழு 2009ஆம் ஆண்டில் அளித்த தன் 228ஆம் அறிக்கையில், வணிக முறையைத் தடுத்து நல்லெண்ண முறையை ஒழுங்குபடுத்த வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 2015ஆம் ஆண்டு இறுதியில் வெளிநாட்டினர்க்கு வாயில் அடைக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துப் பதிலித் தாய்மை (ஒழுங்குமுறை)ச் சட்டம், 2021, நிறைவேறி, 2022ஆம் ஆண்டு ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்பத்திற்கான தனிச் சட்டமும் அதனுடன் பிறந்தது.

இச்சட்டத்தின்படி பதிலித் தாயாகும் பெண் மணமானவளாகவோ மணமாகியிருந்தவளாகவோ, தனக்கெனக் குழந்தை பெற்றவளாகவோ, 25 முதல் 35 வயதுக்கு உட்பட்டவளாகவோ இருந்தால் மட்டும் போதாது. இம்மூன்றும் ஒருங்கே பொருந்த வேண்டும். உடல் நலத்திற்கும் மன நலத்திற்கும் சான்றிதழ் வேண்டும். வாழ்நாளில் ஒரு முறைக்கு மேல் அவள் இதில் ஈடுபடலாகாது. தன் சினைமுட்டையைத் தரலாகாது. குழந்தை வேண்டும் தம்பதியருள் மனைவி 23 முதல் 50 வயதும், கணவன் 26 முதல் 55 வயதும் உடையவராதல் வேண்டும். 35 முதல் 45 வயதுக்குட்பட்ட கைம்பெண்ணும் மணமுறிவு பெற்றவரும் விண்ணப்பிக்கலாம். மாவட்ட மருத்துவக் குழுவின் சான்று, குழந்தையின் பெற்றோர் யார் என்பது குறித்து முதல் வகுப்பு நீதித்துறை நடுவரோ அவருக்கு மேற்பட்ட நீதிமன்றமோ பிறப்பிக்கும் ஆணை, பதிலித் தாயின் பேரில் 36 மாதக் காப்புறுதி ஆகிய மூன்றும் கைக்கு வந்த பின்னரே மருத்துவர் கருவைத் தொடலாம். பிறக்கும் குழந்தை தம்பதியரின் சொந்தக் குழந்தையாகவே கருதப்படும். குறையுடன் பிறந்தது என்றோ, பெண்ணாகப் பிறந்தது என்றோ, இரண்டாகப் பிறந்தன என்றோ கூறி அதனைக் கைவிடுதல் கூடாது.

இவ்விடத்தில்தான் களப் பணியாளர் கருத்தூன்ற வேண்டிய செய்தி உள்ளது. பழைய நாளில் குழந்தையின் நிலையைப் பத்திரம் தீர்மானிப்பதாக எண்ணப்பட்டது. இன்று அதனைச் சட்டமும் நீதிமன்ற ஆணையும் தீர்மானிக்கின்றன. விதிகளில் ஒப்புதல் உடன்படிக்கைக்கென ஒரு படிவம் உண்டு. அதற்கு வெளியே, தரகர் ஒருவர் நீட்டும் முத்திரைத்தாளில், “இத்தனை இலட்சம் தரப்படும்” என்று எழுதிக் கையெழுத்திட்டால் அத்தாள் வெறுந்தாளே. சட்டத்திற்கு மாறான நோக்கமுடைய உடன்படிக்கை செல்லாது என்பது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. குழந்தையைப் பெற்றுக் கொடுத்த பின் பேசிய தொகை வரவில்லையெனின், அப்பெண் எந்த நீதிமன்றத்திலும் அதனைக் கேட்டுப் பெற இயலாது. வணிக முறையில் ஈடுபடுவோர்க்குப் பத்தாண்டு வரை சிறையும் பத்து இலட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பெண்ணின் நிலையைச் சட்டம் ஓரளவு எண்ணிப் பார்த்துள்ளது: கணவனோ தம்பதியரோ உறவினரோ அவளைக் கட்டாயப்படுத்தினர் என்றே, மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை, நீதிமன்றம் கொள்ள வேண்டும். இந்தப் பாதுகாப்பைப் பற்றித் தரகர் ஒருபோதும் கூறமாட்டார்.

பிற நாடுகளிலும் பத்திரத்தின் கதை ஏறக்குறைய இவ்வாறே. அமெரிக்காவின் நியூஜெர்சி உயர்நிலை நீதிமன்றம் 1988ஆம் ஆண்டு, தன் சினைமுட்டையாலேயே குழந்தை பெற்ற பெண் அதனைத் தர மறுத்த வழக்கில், அவ்வொப்பந்தம் செல்லாது என அறிவித்தது. ஆயினும் குழந்தையின் நலன் கருதி அதனைத் தந்தையிடம் ஒப்படைத்து, தாய்க்குக் காணும் உரிமை வழங்கிற்று. இந்தியச் சட்டம் பழைய முறையை ஏன் விலக்கிற்று என்பதற்கு அவ்வழக்கே போதிய விளக்கமாகும். கலிபோர்னியாவோ 1993ஆம் ஆண்டில், சுமப்பு முறையில் குழந்தை வேண்டுமென எண்ணித் தொடங்கியவரே தாய் என்றது. பிரிட்டனில் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி இவ்வகை உடன்படிக்கை எதனையும் நீதிமன்றத்தின் வழி நிறைவேற்ற இயலாது. அங்கே பெற்றவளே முதலில் தாய். பின்னர் நீதிமன்ற ஆணையால் உரிமை மாறும்.

உடன்படிக்கையைச் செல்லாததாக்குவதன் மூலம் எளியவரைக் காத்தல் என்னும் கருத்து தங்கவயல் மக்களுக்குப் புதியதன்று. இந்தியாவில் சிலிக்கோசிஸ் என்னும் கல்தூசி நுரையீரல் நோய் மருத்துவ ஏடுகளில் முதன்முதற் பதிவானது 1947ஆம் ஆண்டு, கோலார்ச் சுரங்கங்களிலிருந்தே. பிற்காலத்தில் அவ்வூருக்கும் பொருந்திய 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, தொழிலாளி தன் ஈட்டுத்தொகை உரிமையை விட்டுக்கொடுத்து எழுதிய எந்த ஒப்பந்தமும் செல்லாது எனக் கூறியது. பசித்தவன் கையெழுத்திட்டான் என்பதனால் அவன் நுரையீரலின் விலை குறைந்துவிடாது என்பதே அதன் உட்பொருள். பதிலித் தாய்மைச் சட்டம் பத்திரத்தை வலிமையிழக்கச் செய்ததும் இவ்வழியிலேயே ஆகும். அதுவரை அது நேரியது.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அதுவே இச்சட்டத்தின் குறை. 1923ஆம் ஆண்டுச் சட்டம் தீய ஒப்பந்தத்தை நீக்கியதோடு நில்லாமல், அவ்விடத்தில் ஈட்டுத்தொகையை வைத்தது. சுரங்கத்தில் இறங்குபவன் நல்லெண்ணத்தால் இறங்குகிறான் என்று அது பாவனை செய்யவில்லை. 2021ஆம் ஆண்டுச் சட்டமோ விலையை நீக்கிவிட்டு, அவ்விடத்தில் மருத்துவச் செலவையும் காப்புறுதியையும் மட்டுமே வைத்தது. நாட்கூலிக்குச் செல்லும் பெண்ணொருத்தி, கருவேற்பதற்கு முன்னைய ஊசி மருந்துகள் தொடங்கிப் பேறு முடிந்து உடல் தேறும் வரை, ஓராண்டளவு வேலையிழப்பாள். அவளுடைய சொந்தக் குழந்தையை அக்காலத்திற் பார்த்துக்கொள்வோர் யார்? அவ்வீட்டின் அடுப்பு எதனால் எரியும்? வசதியுள்ள குடும்பத்து அண்ணியோ தங்கையோ சுமப்பதாயின் இக்கேள்விகள் எழா. உழைத்துண்ணும் பெண்ணுக்கு இவையே முதற் கேள்விகள்.

நாடாளுமன்றத்தின் சுகாதார, குடும்ப நலத்துறை நிலைக்குழு இதனை முன்னரே கண்டுகொண்டது. 2016ஆம் ஆண்டு மசோதாவை ஆராய்ந்து 2017ஆம் ஆண்டு ஆகஸ்டில் அளித்த தன் 102ஆம் அறிக்கையில், நல்லெண்ண முறைக்குப் பதிலாக ஈட்டுத்தொகை முறையை அது பரிந்துரைத்தது. இழந்த கூலியும் அதில் அடங்கும் எனக் கூறிற்று. அப்பரிந்துரை ஏற்கப்படவில்லை. நெருங்கிய உறவினள் மட்டுமே சுமக்கலாம் என்று மசோதாவிலிருந்த நிபந்தனை, பின்னர் மாநிலங்களவைத் தேர்வுக் குழு கூறியபடி நீக்கப்பட்டு, “விருப்பமுள்ள பெண்” எவளும் சுமக்கலாம் என்றாயிற்று. உறவினள் அல்லாத ஒருத்தி, கூலியிழப்பையும் ஏற்றுக்கொண்டு, அயலார்க்காகப் பத்து மாதம் சுமப்பாள் என எதிர்பார்ப்பது மனித இயல்பை அறிந்தோர் செய்வதன்று. அவ்விடைவெளியிலேதான் தரகர் நுழைகின்றனர்.

இதற்கு மறுப்பும் உண்டு; அது எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. ஈட்டுத்தொகை என்று கதவைச் சிறிது திறந்தாலும் வணிகம் முழுவதும் உள்ளே புகுந்துவிடும். இழந்த கூலி என்னும் பெயரில் இலட்சங்கள் கைமாறும். கடன்பட்ட கணவன் மனைவியை அனுப்புவான் என்பர். இவ்வச்சம் நியாயமானதே. ஆயின் தொகையைத் தம்பதியரும் பெண்ணும் பேசி முடிக்க விடாமல், மாநில அரசு அறிவிக்கும் குறைந்தபட்சக் கூலியை அளவாகக் கொண்டு, பெற்றோருரிமை ஆணை பிறப்பிக்கும் நீதித்துறை நடுவரே அதனைக் குறித்து, பெண்ணின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் மாதந்தோறும் செலுத்துமாறு செய்யலாம். பேரம் இல்லாத இடத்தில் தரகருக்கு வேலை இல்லை. சட்டத்தில் “காப்புறுதி” என்பதற்குத் தரப்பட்டுள்ள விளக்கத்தில் “குறிப்பிட்ட இழப்பு” என்னும் சொற்களும் உள. அவற்றுக்கு விதிகளின் வழியே இழந்த கூலி என்று பொருள் கொடுக்க இயலுமா என்பதை மத்திய அரசு ஆராய்தல் தகும்.

மற்றொரு செய்தி தங்கவயலுக்கே உரியது. பதிலித் தாயின் எழுத்து ஒப்புதல், விளைவுகள் அனைத்தும் விளக்கப்பட்ட பின், அவளுக்கு விளங்கும் மொழியில் பெறப்பட வேண்டும் என்று சட்டத்தின் 6ஆம் பிரிவு கூறுகிறது. கரு வைக்கப்படுவதற்கு முன் எந்நேரத்திலும் அவள் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம் என்பதும் அப்பிரிவிலேயே உள்ளது. தங்கவயலில் வீட்டிலும் தெருவிலும் வழங்குவது தமிழ். அலுவலகங்களில் வழங்குவது கன்னடம். மருத்துவமனைத் தாள்கள் பெரும்பாலும் ஆங்கிலம். கன்னடத்தைப் பேசத் தெரிந்த பெண்ணுக்கும் அதனைப் படித்துப் பொருளுணர்தல் வேறு செய்தி. விளங்கா மொழியிற் பெற்ற கையெழுத்து ஒப்புதல் ஆகாது. ஆகவே கர்நாடக மாநிலப் பதிலித் தாய்மை வாரியம் அப்படிவத்தைக் கன்னடத்துடன் தமிழிலும் தெலுங்கிலும் உருதுவிலும் அச்சிட்டு வைத்தல் சலுகையன்று. சட்டத்தின் ஆணையை நிறைவேற்றுதலே ஆகும்.

ஆசிரியர்க்கு இதில் என்ன பங்கு என வினவலாம். ஈரோட்டில் 2022ஆம் ஆண்டு வெளிவந்த செய்தி அதற்கு விடை கூறும். 16 வயதுச் சிறுமியொருத்தியின் சினைமுட்டைகள், போலி ஆதார் அட்டையில் வயதை உயர்த்திக் காட்டி, பலமுறை விற்கப்பட்டமை அப்போது தெரியவந்தது. சினைமுட்டை தருபவள் 23 முதல் 35 வயதுக்குட்பட்டவளாதல் வேண்டும். வாழ்நாளில் ஒரு முறையே தரலாம். ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கலாகாது என்பது இன்றைய சட்டம். காரணம் கூறாமல் அடிக்கடி பள்ளிக்கு வராமல், வயிற்று வலியுடன் திரும்பும் மாணவியைத் தலைமையாசிரியரும் வகுப்பாசிரியரும் காண்பது போல் வேறு எவர் காண்பர்?

சட்டம் இன்னும் மாறிக்கொண்டே வருகிறது. பிறர் தரும் சினைமுட்டையையோ விந்தணுவையோ பயன்படுத்தலாகாது என 2023ஆம் ஆண்டு மார்ச்சில் விதி திருத்தப்பட்டது. பிறவியிலேயே கருப்பையின்றிப் பிறந்த பெண்ணொருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதனை நிறுத்தி வைத்தபின், 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் மருத்துவக் காரணம் இருந்தால் தம்பதியருள் ஒருவருடையது போதும் என்றாயிற்று. தனித்த பெண்ணுக்கு இத்தளர்வு இல்லை. அது நியாயமாகத் தோன்றவில்லை. ஒரே மகனை விபத்தில் இழந்த தம்பதியரின் வழக்கில், கர்நாடக உயர் நீதிமன்றம் 2023ஆம் ஆண்டு, 55 வயதைக் கடந்த கணவனுக்கு மரபு, உடல், பொருளியல் ஆகிய மூவகைச் சோதனை நடத்திப் பார்க்கலாம் என்றது. சட்டம் வருவதற்கு முன்பே கருவை உறைநிலையில் வைத்திருந்த தம்பதியர்க்கு வயது வரம்பு பொருந்தாது என உச்ச நீதிமன்றம் 2025ஆம் ஆண்டு அக்டோபரில் தீர்ப்பளித்தது. மத்திய அரசு ஊழியராயின், 2024ஆம் ஆண்டு ஜூன் மாத விதித் திருத்தத்தின்படி, சுமந்தவருக்கும் குழந்தையைப் பெற்றுக்கொண்டவருக்கும் 180 நாள் விடுப்பு உண்டு. சென்னைத் துறைமுகப் பெண் ஊழியர் ஒருவர் பொருட்டு, 2013ஆம் ஆண்டிலேயே சென்னை உயர் நீதிமன்றம் இவ்வழியைத் திறந்து வைத்தது.

களப் பணியாளரிடம் ஒரு பெண் இதுபற்றிக் கேட்க வந்தால், தரகர் தந்த தாளைப் படித்துப் பொருள் கூறுவதோடு நிறுத்திக்கொள்ளலாகாது. மாவட்ட மருத்துவக் குழுவின் சான்றும் நீதித்துறை நடுவரின் ஆணையும் உள்ளனவா என வினவ வேண்டும். காப்புறுதிப் பத்திரத்தின் படி மருத்துவமனையில் இருத்தல் போதாது. அப்பெண்ணின் கையிலேயே இருக்க வேண்டும். குழந்தை கைமாறிய பின் இரண்டு ஆண்டு கழித்து ராபர்ட்சன்பேட்டையில் அவளுக்குப் பேறுகாலச் சிக்கலால் நோய் கண்டாலும், அச்செலவை ஏற்க வேண்டியவர் யார் என்பதை அத்தாள் ஒன்றே காட்டும்.